மீதி 16 மைக்ரான் எங்கே?

வேலைக்காக வெளிநாடு போனதைப் பற்றி இங்கே எழுதியவர்களில் பலரும் பார்த்த இடங்களைச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் அப்படிச் சொல்ல அதிகம் இல்லை. நாலு முறை ஜப்பான் போயும் ஃபூஜி மலையை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். ரயில் சன்னல் வழியாக, அதுவும் பாதி மேகத்துக்குள். நான் அங்கே நன்றாகப் பார்த்தது என் வாயைத்தான்.

நாங்கள் லேத் வேலை செய்கிறவர்கள். இயந்திரங்களுக்குள் போகும் புஷ், ஸ்லீவ் மாதிரியான, நடுவில் துளையுள்ள சின்னச் சின்ன உதிரிபாகங்கள். நகோயாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குச் சாம்பிள் அனுப்பி, அது பாஸாகி, பேசி முடிக்க நேரில் வரச் சொன்னார்கள். முதலாளிக்கு உடம்பு முடியவில்லை. நான் போனேன்.

நகோயா விமான நிலையம் கடலுக்குள் செயற்கைத் தீவு போட்டுக் கட்டியது, 2005இல் திறந்தார்கள். அங்கிருந்து ஊருக்குள் அரை மணிக்குள் ரயில் கொண்டுவந்து விட்டுவிடும். விசிட்டிங் கார்டு கொடுக்கும் முறையை நான் முன்னாலேயே படித்துத் தயாராகப் போயிருந்தேன்: இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், வாங்கியதும் படிக்க வேண்டும், பின்பாக்கெட்டில் திணிக்கக் கூடாது, மேசை மேல் வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும், அதில் எதையும் கிறுக்கக் கூடாது. எல்லாம் சரியாகச் செய்தேன். ஆறு பேர், ஆறு கார்டு. பெரிய சாதனை செய்த மாதிரி இருந்தது.

யாரும் சொல்லித்தராத விஷயம் ஒன்று இருந்தது. அங்கே ஒருவர் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை காத்திருப்பார். நாமும் அவரிடம் ஒன்றைக் கேட்டால் உடனே பதில் வராது. பத்து விநாடி, பதினைந்து விநாடி, சில சமயம் அதற்கு மேலும் யாரும் பேச மாட்டார்கள். அவர்களுக்கு அது யோசிக்கிற நேரம். எனக்கு அது மூச்சு முட்டுகிற நேரம்.

அவர்களில் மூத்தவர், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கேட்டார்: "ஆர்டர் கொடுத்தால் ஒரு லாட் சரக்கு எத்தனை நாளில் கப்பலேறும்?" மொழிபெயர்ப்பாளர் அம்மா சொல்லி முடித்தார். அறையில் சத்தமில்லை. உண்மையில் எனக்குத் தெரியாது. கச்சாப்பொருள் வருவது, ஹீட் ட்ரீட்மென்ட், பேக்கிங், எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாத கணக்கு அது. ஆனால் அந்த ஐந்தாறு விநாடியை என்னால் தாங்க முடியவில்லை.

"20 நாள்" என்றேன்.

"ஹை" என்றார் அவர். ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன். அந்த ஹைக்கு 'ஆமாம்' என்று மட்டும் பொருளில்லை, 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது' என்பதும் பொருள் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் நான் சொன்ன 20ஐ அவர் நோட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். அது அப்படியே ஒப்பந்தத்தில் ஏறியது. ஊர் திரும்பியதும் முதலாளி கேட்டார்: "எப்படி தம்பி 20 நாள்னு சொன்னீங்க?" "முடியும் சார்" என்றேன். அதற்கும் யோசிக்கவில்லை.

அடுத்த எட்டு மாதம் அந்த 20 நாள் எங்களை ஓட ஓட விரட்டியது. அதைப் பற்றி நிறையச் சொல்லலாம், விடுங்கள்.

இரண்டாவது பயணம் புகாருக்காக. ஒரு லாட்டில் புஷ்ஷின் உள்துளை 20 மைக்ரான் குறைவு, உள்ளே பர், அதாவது வெட்டிய இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகப் பிசிர், வேறு இருக்கிறது என்று படத்தோடு அனுப்பியிருந்தார்கள். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். வெளியாட்களுக்கு அது ஒன்றுமில்லாத அளவு. அந்தப் புஷ்ஷுக்குள் சுழல வேண்டிய ஷாஃப்ட்டுக்கு அப்படி இல்லை.

அதே அறை, அதே ஆறு பேர். மூத்தவர் கோபப்படவே இல்லை. "நாஸே?" என்றார். ஏன்? அவ்வளவுதான். அப்புறம் அந்த மௌனம்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். அளவு எடுத்தபோது எங்கள் பட்டறையில் வெப்பம் 30 டிகிரி. உங்கள் ஆய்வகம் 20 டிகிரி. இரும்பு சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். எங்களிடம் சரியாக இருந்தது இங்கே குறைவாகத் தெரிகிறது. சொல்லும்போதே எனக்கு நானே கெட்டிக்காரனாகத் தெரிந்தேன். முழுப் பொய்யும் இல்லை பாருங்கள், அளவு எடுக்க உலகம் முழுக்க வைத்திருக்கும் அடிப்படை வெப்பநிலையே 20 டிகிரிதான்.

அவர் "ஹை" என்றார். ஒரு தாளை எடுத்தார். துளை 30 மில்லிமீட்டர். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் பதினொன்றரை மைக்ரான் விரியும். பத்து டிகிரி வித்தியாசம். பென்சிலால் பெருக்கி, விடைக்குக் கீழே கோடு போட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்றரை மைக்ரான்.

"மீதி 16 எங்கே?" என்று மொழிபெயர்த்தார் அந்த அம்மா. குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

அளவெடுக்கும் மைக்ரோமீட்டர் கருவியைச் சோதித்துப் பார்க்கிறோம் என்றேன். பேக்கிங்கில் ஏதாவது ஆகியிருக்கலாம் என்றேன். பேக்கிங்கில் எப்படித் துளை சிறுக்கும் என்று யாரும் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். அதுதான் கொடுமை. மாலை நாலு மணிக்கு, நாளை தொடர்வோம் என்று எழுந்தார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த லாட்டின் கடைசி நாள் எங்கள் ஆபரேட்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வந்து சொன்னார்: "தம்பி, இன்சர்ட் முனை தேஞ்சிருச்சு, நிறுத்தி மாத்திரட்டுமா?" இன்சர்ட் என்பது லேத்தில் மாட்டி மாற்றும் வெட்டும் துண்டு. புதியது அப்போது கையிருப்பில் இல்லை. வர மறுநாள் ஆகும். கன்டெய்னர் இரவு கிளம்ப வேண்டும். "இன்னும் நாப்பது பீஸ்தானேண்ணே, ஓட்டிருங்க" என்றேன். வெட்டும் முனை தேய்ந்தால் துளை சிறுக்கும், பர் வரும். இது லேத்தில் கை வைத்த யாருக்கும் தெரியும். அவருக்குத் தெரிந்துதான் கேட்டார். எனக்கும் தெரிந்துதான் ஓட்டச் சொன்னேன்.

மறுநாள் கூட்டம் மதியம்தான். காலையில் விடுதி அறையில் உட்கார முடியவில்லை. நகோயா ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் டொயோட்டாவின் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. கார் பார்க்கலாம் என்று போனேன். உள்ளே நுழைந்தால் முதலில் இருப்பது தறிகள். எனக்கு அதுவரை தெரியாது, டொயோட்டா குடும்பத்தின் தொழில் தறியில்தான் தொடங்கியது. சகிச்சி டொயோடா 1867இல் பிறந்தவர், தச்சர் மகன். அம்மா கைத்தறியில் கஷ்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர் என்று சொல்கிறார்கள். அந்தச் செங்கல் கட்டடம் நிற்பதே அவர் 1911இல் தறி ஆராய்ச்சிக்காக நிறுவிய ஆலை இருந்த இடத்தில்.

அங்கே தறிகளைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கவில்லை. ஓட்டிக் காட்டுகிறார்கள். 1924இல் வந்த ஜி வகைத் தானியங்கித் தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, பேச்சு காதில் விழாத சத்தம். சீருடை போட்ட ஒரு பெண் நாங்கள் பார்க்கும்படி ஒரு பாவு நூலை அறுத்தார்.

தறி நின்றுவிட்டது.

யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். ஒரு நூல்தான், ஓடவிட்டால் துணி நெய்துகொண்டேதான் இருக்கும், ஆனால் அதற்கப்புறம் வருவது எல்லாம் பழுதுத் துணி. இந்தத் தறியின் காப்புரிமைக்காக 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள் என்று பலகையில் படித்தேன். அன்றைக்கு உலகத்துக்கே தறி விற்றவர்கள் அவர்கள். பின்னால் கார் தொழிற்சாலையில் தொழிலாளி கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம் என்று வைத்ததற்கும் வேர் இந்தத் தறிதானாம்.

அந்தப் பெண் நூலை முடிந்து மறுபடி ஓட்டினார். அடுத்த கூட்டம் வந்தது, மறுபடி அறுத்தார், மறுபடி நின்றது. நான் மூன்று முறை பார்த்தேன். கார் பகுதிக்குப் போகவே இல்லை. இன்னமும் போனதில்லை.

மதியம் அறையில் உட்கார்ந்ததும் நானே தொடங்கினேன். ஆபரேட்டர் நிறுத்தச் சொன்னார், நான்தான் ஓட்டச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அம்மா உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்து, "இப்படியே சொல்லட்டுமா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

பாராட்டுவார்கள், கை குலுக்குவார்கள் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். மூத்தவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"ஏன் ஓட்டச் சொன்னீர்கள்?"

"அன்று இரவு கன்டெய்னர் போக வேண்டும்."

"ஏன் அன்று இரவு?"

"20 நாள் முடிந்துவிடும்."

"ஏன் 20 நாள்?"

"நான் சொன்னேன்."

"எதை வைத்துச் சொன்னீர்கள்?"

மறுபடி அந்த மௌனம். ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. நூறு பதில் நாக்கு நுனியில் நின்றது. கடைசியில், "எதையும் வைத்துச் சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தீர்கள், பயமாக இருந்தது, சொல்லிவிட்டேன்" என்றேன்.

இதைக் கேட்டதும் எதிர்வரிசை ஓரத்தில் இருந்த இளைஞர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன். மூத்தவர் சிரிக்கவில்லை. அதை எழுதிக்கொண்டார். ஒரு தரக் குறைபாட்டு அறிக்கையில் மூல காரணம் என்ற கட்டத்தில் என் பயம் ஏறியிருக்கும் போல. அறிக்கையை நான் பார்க்கவில்லை.

உண்மை சொன்னதற்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த லாட்டை முழுக்கத் தரம் பிரிக்கும் செலவு எங்கள் தலையில். ஓராண்டு புதிய டிராயிங், அதாவது புதிய பாகத்துக்கான வேலை, எதுவும் வரவில்லை. ஆனால் கெடு 32 நாளானது. இந்த முறை அந்தக் கணக்கைப் பட்டறையில் எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டோம். இன்சர்ட் கையிருப்பைப் பற்றி ஆபரேட்டர் அண்ணன் சொன்ன ஒரு வரியிலேயே இரண்டு நாள் கூடியது. முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஓர் இன்சர்ட் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது பயணத்தில் விசேஷமாக ஒன்றுமில்லை.

நாலாவது பயணத்தில் பர்ஸைத் தொலைத்தேன். ரயிலிலா, ஸ்டேஷன் படியிலா தெரியாது. பக்கத்திலிருந்த கோபானுக்குப் போனேன், தெருமுனைப் போலீஸ் சாவடி அது. சின்ன அறை, இரண்டு நாற்காலி. இளம் காவலர் ஒருவர் படிவத்தை எடுத்து வைத்து, ஃபோனில் மொழிபெயர்ப்பைத் திறந்து, நிறம் கேட்டார், உள்ளே என்னென்ன அட்டைகள் என்று கேட்டார். அப்புறம், எவ்வளவு பணம் என்று கேட்டார்.

"நாற்பதாயிரம்" வாய்வரை வந்துவிட்டது. அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நான் கூட்டிப் பார்த்தேன். காலையில் எடுத்தது, ரயில் டிக்கெட், மதியச் சாப்பாடு, நடுவில் என்னவோ வாங்கினேன். எட்டு, பத்து விநாடி ஆகியிருக்கும்.

"சரியாகத் தெரியவில்லை" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு எழுதினார். நான் சொன்னதைவிட நீளமாகவே எழுதினார்.

மறுநாள் மாலை விடுதிக்கு ஃபோன் வந்தது. யாரோ கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கண்டெடுத்தவருக்கு மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மூன்று மாதம் யாரும் தேடி வராவிட்டால் பொருளே பெரும்பாலும் அவருக்குத்தான். இவர் எதுவும் வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காவலர் நோட்டுகளை என் முன்னால் எண்ணி, சில்லறையைத் தனியாக அடுக்கிவைத்தார். 26 ஆயிரத்துச் சொச்சம் யென்.