மூச்சுக்குழல் சிலியாவைச் சுற்றியுள்ள படலம்: ஸ்லைடில் காட்ட வழி உண்டா?

வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். செமினாருக்கு மூச்சுக்குழல் சிலியாவை (உட்சுவரில் அசைந்து சளியைத் தள்ளும் நுண்ணிய இழைகள்) சுற்றியுள்ள பகுதியை எடுத்திருக்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

சிலியா சுமார் 7 மைக்ரோமீட்டர் நீளம். அதைச் சூழ்ந்த படலமும் ஏறக்குறைய அதே உயரம், சளி அதற்கு மேல்தான். இந்தப் படலத்தை வெறும் நீர்த்த திரவம் என்றே பல புத்தகங்கள் இன்னும் சொல்கின்றன. ஆனால் 2012-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, சிலியாவோடு ஒட்டியிருக்கும் மியூசின்கள் (சர்க்கரைச் சங்கிலிகள் கொண்ட புரதங்கள்) பிரஷ் மாதிரி அடர்த்தியாக நின்று சளியைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன, பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் போல சளி நீர் வற்றிக் கெட்டியாகும்போது இந்த பிரஷ்ஷே நசுங்கி, சிலியா அசைய முடியாமல் போகிறது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

அசைவைக் காட்டுவது சுலபம். செவ்வாய்ப்பேட்டை கறிக்கடையில் சொல்லிவைத்து, அப்போதுதான் வெட்டிய ஆட்டின் மூச்சுக்குழலை வாங்கி, நீளவாக்கில் பிளந்து, ரிங்கர் கரைசலில் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) நனைத்துக் கரித்தூள் தூவினால், தூள் மெல்ல மெல்லக் குரல்வளைப் பக்கமாக நகர்கிறது. (கடைக்காரர் பார்த்த பார்வை தனிக்கதை.)

படலம்தான் சிக்கல். ஃபார்மலின், கழுவல் என்று போனாலே அது கரைந்துவிடுகிறது, ஸ்லைடில் சிலியா வெற்றிடத்தில் நிற்கிறது. ஆஸ்மியத்தை (திசுவைப் பதப்படுத்தும் ஆஸ்மியம் டெட்ராக்சைடு) நீருக்குப் பதில், நீரோடு கலக்காத திரவமான பெர்ஃபுளூரோகார்பனில் கரைத்துப் பதப்படுத்தினால் படலம் நிற்குமாம். யாராவது செய்திருக்கிறீர்களா? சேலம், ஈரோடு, கோவை பக்கம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு வெளி மாணவர்களின் மாதிரியை எங்கே வாங்குவார்கள், கட்டணம் எவ்வளவு வரும்? அது முடியாதென்றால், ஆல்சியன் நீலச் சாயத்தில் மியூசின் அடுக்காவது தெரியுமா?