விசைக்கொத்தியா, மின் தோண்டியா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம். மண் தோண்டும் கருவிகள் பற்றிய நம் கையேட்டுக்கும் அகராதிக்கும் தமிழ்ப் பெயர் தேடும் மடல்களில் வந்த கேள்விகளை மேற்கோளாகத் தந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதுகிறேன்.

> இறுகிய மண்ணில் குழி எடுக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் ‘மின் தோண்டி’ என்று பொதுப்பெயர் வைத்துவிடலாமே. சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும்.

சின்னச் சொல்தான், சரி. புரியுமா என்பதில்தான் சந்தேகம். தோண்டி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர் மொள்ளும் குடம். பெட்டியின் மேல் ‘மின் தோண்டி’ என்று அச்சிட்டிருந்தால் வெந்நீர் போடும் பாத்திரம் என்று வாங்கிப் போகிறவரும் இருப்பார். குடக் குழப்பத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘மின்’னைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இந்தக் கருவிகளில் பல பெட்ரோலில் ஓடுபவை, சில ஹைட்ராலிக் அழுத்தத்தில் இயங்குபவை. இதற்குத் தமிழ் எப்போதோ வழி கண்டுவிட்டது. விசைத்தறி மின்சாரத்தில் ஓடுகிறது, விசைப்படகு டீசலில் ஓடுகிறது, இரண்டுக்கும் ‘விசை’ பொருந்திப் போயிற்று. நாமும் அதையே எடுத்துக்கொள்வோம். பொதுப்பெயர் வேண்டும் என்றால் ‘விசை அகழ்கருவிகள்’ போதும்.

ஆனால் பொதுப்பெயரோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் வழக்கு. திருகித் துளைக்கும் கருவி வேறு, கொத்திப் பெயர்க்கும் கருவி வேறு. இரண்டையும் ஒரே பெயரால் எழுதினால் படிப்பவர் தப்பான கருவியோடு வீட்டுக்குப் போவார். நான் போயிருக்கிறேன்.

தோட்டத்தில் செடி நடப் பன்னிரண்டு குழி வேண்டியிருந்தது. ‘மண் தோண்டுகிற மெஷின்’ என்று கேட்டு வாடகைக்கு எடுத்து வந்தது ஆகர். பெட்ரோல் எஞ்சின், கீழே சுருள் சுருளாகத் தகடு சுற்றிய தண்டு. மேல்மண் ஒரு சாண் ஆழம்வரை வெண்ணெயாக இறங்கியது. அதற்குக் கீழே காய்ந்து இறுகிய களி, நடுவில் சுக்கான்கல். முனை அங்கேயே நின்று சுழன்றது, குழியின் அடி பளபளப்பாகத் தேய்ந்ததே தவிர ஒரு பிடி மண் மேலே வரவில்லை. இன்னும் அழுத்தினேன். தகடு ஒரு கல்லைக் கவ்வியது, தண்டு நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. தண்டு சுற்ற வேண்டிய சுற்றைக் கைப்பிடி சுற்றியது, கூடவே நானும். இடது மணிக்கட்டு இரண்டு வாரம் வீங்கிக் கிடந்தது. அப்புறம் தண்டைத் தனியே கழற்றி, ஸ்பானர் போட்டு எதிர்ப்பக்கமாகத் திருகித்தான் வெளியே எடுத்தேன்.

கணக்குப் போட்டால் அதில் வியப்பு ஒன்றும் இல்லை. 1.5 கிலோவாட் திறன் நிமிடத்துக்கு 250 சுற்றில் தண்டுக்கு வந்தால் முறுக்குவிசை சுமார் 57 நியூட்டன் மீட்டர். தண்டு நின்றுபோனால் அவ்வளவும் கைப்பிடிக்கு வரும், சுழன்றுகொண்டிருந்த எஞ்சினின் வேகமும் அதோடு சேரும். ஆகர் ஈரமான, கல்லில்லாத மண்ணுக்குரிய கருவி. அது மண்ணை உடைப்பதில்லை, சீவி மேலே ஏற்றுகிறது.

ஆகவே அதற்குத் ‘துளை’, ‘திருகு’ என்ற பக்கத்திலிருந்துதான் பெயர் வர வேண்டும். தச்சர்களிடம் துரப்பணம் இருக்கிறது, மரத்தில் துளையிடும் கருவி. குழித்துரப்பணம் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ‘தமர்’ என்ற சொல்லையும் ஒருவர் முன்வைத்திருந்தார். தமர் என்றால் கருவியால் இட்ட துளை, தமரூசி என்றால் துளையிடும் கருவி, அழகான பழஞ்சொற்கள். ஆனால் தமர் என்பதற்குச் சுற்றத்தார் என்ற பொருளும் உண்டே ஐயா. ‘தமரைக் கொண்டு குழி எடுக்கவும்’ என்று கையேட்டில் எழுதினால் மாமன் மச்சானுக்குத்தான் ஆள் போகும். சுருள் தகட்டுக்குப் ‘புரி’ என்ற சொல் கையிலேயே இருக்கிறது. திருகாணிக்கு உள்ள அதே புரிதான்.

இனி, என் ஆசைச் சொல்லுக்கு வருகிறேன்.

> பிரேக்கருக்கு ‘இடிப்பான்’ போதாதா? கட்டடம் இடிக்கத்தானே வந்தது?

வந்தது அதற்குத்தான். பிரேக்கர் என்பது உளியை விடாமல் அடித்துக் கான்கிரீட்டை உடைக்கும் கருவி. ஆனால் அதில் உளிக்குப் பதிலாக மண்பட்டை என்னும் அகலமான தகட்டு முனையை மாட்டினால் அதுவே இறுகிய மண்ணுக்கு ஏற்ற கருவி. அது செய்யும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ‘இடி’ என்று சொல்லமாட்டார். ஆறு கிலோ கடப்பாரையை அரை மீட்டர் தூக்கிப் போட்டால், கை அழுத்தத்தைச் சேர்க்காமலே, ஏறக்குறைய 30 ஜூல் கிடைக்கும். கையில் பிடித்து வேலை செய்யும் நடுத்தர பிரேக்கர் ஓர் அடிக்கு 20 ஜூல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு குத்தை மட்டும் பார்த்தால் கடப்பாரைதான் பலசாலி! ஆனால் கடப்பாரை நிமிடத்துக்கு 25 குத்து, அதுவும் ஆள் களைக்கும்வரை. பிரேக்கர் 1,300. வாட் கணக்கில் முன்னது 12 அல்லது 13, பின்னது 430க்கு மேல். சின்னச் சின்ன அடி, ஆனால் ஓயாத அடி. இதைத் தமிழில் இடிப்பது என்றா சொல்வோம்? கொத்துவது என்போம். மரங்கொத்தி செய்வது இதைத்தான்.

எனவே விசைக்கொத்தி. களைக்கொத்தி என்ற கைக்கருவிப் பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் வயல்வேலை தெரிந்தவருக்கு இது புதிய ஓசையாகவும் இருக்காது. ‘மண்கொத்தி’ என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். பறவை பார்க்கும் நண்பர் ஒருவர், அது கேட்பதற்கு நீர்க்கரையில் ஓடும் பறவைபோல இருக்கிறது என்று தனிமடலில் சிரித்தார். சரி, விட்டுவிட்டேன். மேலும் இந்தக் கருவி கான்கிரீட்டையும் கொத்தும், மண்ணோடு கட்டிப்போடுவானேன்?

பெயர் சரியாக அமைந்துவிட்டால் பயன்படுத்தும் முறையும் அதிலேயே வந்துவிடுகிறது. இரண்டாம் முறை நான் விசைக்கொத்தியோடு இறங்கியபோது, குழியின் நடுவில் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினேன். பட்டை முழங்கை நீளத்துக்கு இறங்கி, இறுகிய மண்ணில் ஆப்பு அடித்ததுபோல் மாட்டிக்கொண்டது. மரங்கொத்தி அப்படிச் செய்யாது, ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாகப் பெயர்க்கும். அதேபோல முதலில் நடுவில் சின்னப் பள்ளம் ஒன்று எடுத்துக்கொண்டு, அதன் விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளிப் பட்டையைச் சாய்த்து வைத்தேன். டகடகவென்று ஐந்தாறு நொடி, அவ்வளவுதான். ஓடு போன்ற மண்துண்டு ஒன்று விரிசல் விட்டு, தன் எடையிலேயே பள்ளத்துக்குள் சரிந்தது. உடைந்த இடம் சொரசொரப்பாக இருந்தது, வேர் நுழைய நல்லது. ஈரக்களியில் ஆகர் போட்ட குழியின் சுவர் மெழுகினாற்போல் வழுவழுப்பாக இருக்கும். வேர் அதைத் துளைக்க முடியாமல் குழிக்குள்ளேயே வட்டம் போடும். அப்படிப்பட்ட குழியில் சுவரைக் கீறிவிட்டுத்தான் செடி நட வேண்டும்.

காய்ந்த களியில் எந்தக் கருவியை எடுத்தாலும், முந்தின நாள் சின்னக் குழி எடுத்துத் தண்ணீர் கட்டிவைத்தால் பாதி வேலை தண்ணீரே செய்துவிடும். பாறையை எட்டினால் மட்டும் அது பலிக்காது.

> ‘செயல் மதிப்பு’, ‘வரம்பு மதிப்பு’ இரண்டும் கையேட்டில் சரியா?

அதிர்வுப் பகுதியைத்தான் கேட்கிறீர்கள் அம்மா. சரியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறையில் கைக்கு வரும் அதிர்வுக்கு இரண்டு அளவு உண்டு. 8 மணி நேர வேலைநாளுக்கு 2.5 மீ/வி² என்பது, அதற்கு மேல் போனால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டிய அளவு. 5 மீ/வி² தாண்டவே கூடாதது. ‘செயல் மதிப்பு’ என்றால் எவர் செயல், எதன் மதிப்பு? ‘எச்சரிக்கை அளவு’, ‘உச்ச வரம்பு’ என்று எழுதுங்கள். கருவியின் அதிர்வு 15 மீ/வி² என்று போட்டிருந்தால், கொத்தும் நேரம் 13 நிமிடத்திலேயே எச்சரிக்கை அளவு வந்துவிடும், 53 நிமிடத்தில் உச்ச வரம்பு. இந்த எடுத்துக்காட்டைக் கையேட்டில் சேர்த்தால் நல்லது. விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்த பிறகு எந்தச் சொல்லும் உதவாது.

நீளமாகப் பள்ளம் வெட்டும் கருவிக்கு வந்த ‘கால்வெட்டி’யைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கால் என்றால் வாய்க்கால் என்பது எனக்கும் தெரியும், ஆனால் சுழலும் பற்சங்கிலி வைத்த கருவிக்கு அந்தப் பெயரா! சால்வெட்டி என்று வைக்கலாம். ஏர் கீறிய கோட்டுக்கும் சால்தானே பெயர்.

> பொக்லைனுக்கு ‘அகழி’?

அகழி கோட்டையைச் சுற்றி இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். போக்லேன் என்பது பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். நம் நாளிதழ்கள் எந்த நிறுவனம் செய்ததையும் ‘பொக்லைன் இயந்திரம்’ என்றே எழுதிப் பழகிவிட்டன. பேச்சில் எல்லாமே ஜேசிபி. இந்த இடத்தில் நாம் தோற்றுவிட்டோம் என்று ஒத்துக்கொண்டு, அகராதியில் ‘அகழ்பொறி (பொக்லைன்)’ என்று இரண்டையும் போடுவதே நேர்மை.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. உளியின் பின்முனை, அதாவது கருவிக்குள் செருகும் பகுதி. தண்டு, காம்பு, செருகுமுனை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். எஸ்டிஎஸ் மேக்ஸ் என்னும் செருகும் வகை என்றால் 18 மி.மீ. உருளை, பெரிய பிரேக்கர்களில் பெரும்பாலும் 28 அல்லது 30 மி.மீ. அறுகோணம், ஒன்று மற்றதில் நுழையாது. கொத்திக்கு முன்னால் இருக்கும் முனை, பறவையின் மூக்கைப்போல, அலகு என்றாகிவிட்டதால், பின்னால் இருப்பதை இப்போதைக்கு ‘வால்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘18 மி.மீ. வால், 120 மி.மீ. பட்டை அலகு’ என்று படித்துப் பாருங்கள். சிரிப்பு வந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.