சூடானதும் அணைந்துபோகும் என்ஜின்: எட்டாத இடத்தில் உள்ள கிராங்க் சென்சாரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி

என் பெட்ரோல் கார் நன்றாகச் சூடேறிய பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துவிடுகிறது. சற்று நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் பி0335 என்ற குறியீடு வருகிறது. என்ஜின் தண்டின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் ஷாஃப்ட் சென்சார், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கனெக்டரின் ஓரம் மட்டுமே தெரிகிறது. கையை விட்டால் மணிக்கட்டுக்கு மேல் நுழைய மறுக்கிறது. பிரேக் பேட், ஸ்பார்க் பிளக் போன்றவற்றை நானே மாற்றிக்கொள்வேன். இந்த வேலைக்கு இன்டேக் மானிஃபோல்டை (என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியை) கழற்றியே ஆகவேண்டுமா, அல்லது வேறு வழி உண்டா?

பதில் 1

வழியைத் தேடுவதற்கு முன், கெட்டது சென்சார்தான் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பி0335 என்பது அந்த சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. வெப்பத்தில் இன்சுலேஷன் உருகிய வயரும், எண்ணெய் இறங்கிய கனெக்டரும் இதே குறியீட்டைத்தான் தரும். அடுத்த முறை சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும்போது ஸ்கேனரின் நேரடி அளவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் சுழன்றும் ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால், சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று பொருள்.

இரண்டு வயர் கொண்ட சென்சார் பெரும்பாலும் காந்தச் சுருள் வகையாக இருக்கும். அதன் மின்தடையை, அதாவது ஓம் அளவை, ஆறிய நிலையிலும் சூடான நிலையிலும் எடுத்துப் பாருங்கள். சூட்டில் சுற்று அறுந்ததாக மீட்டர் காட்டினால் சந்தேகமே இல்லை. மூன்று வயர் கொண்டது பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தப்புலத்தை உணரும் மின்னணுச் சில்லு கொண்டது. அதில் ஓம் அளப்பதால் பயனில்லை. கனெக்டரில் மின்சாரமும் எர்த்தும் சரியாக வருகின்றனவா என்றுதான் பார்க்கவேண்டும்.

பதில் 2

மானிஃபோல்டைத் தொடாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் குழாயையும் எடுத்துவிட்டாலே மேலிருந்து வெளிச்சம் விழும். வேலையைக் கீழிருந்து செய்யலாம். சமதளத்தில் நிறுத்தி, ஜாக் ஸ்டாண்டின் மேல் வண்டியை உட்காரவைத்த பிறகே கீழே செல்லுங்கள். வெறும் ஜாக்கை நம்பிப் படுப்பது தற்கொலைக்குச் சமம்.

சென்சாரைப் பிடித்திருப்பது பொதுவாக ஒரே ஒரு சிறிய போல்ட்தான். நீண்ட எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் இருந்தால் அது கழன்றுவிடும். சாக்கெட்டின் உள்ளே சிறிது டேப் ஒட்டிக்கொண்டால் போல்ட் கீழே விழாது. உண்மையான தொல்லை அதன் பிறகுதான்: பல ஆண்டுகள் சூட்டில் கிடந்த சென்சார் துளைக்குள் இறுகியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் தலை மட்டும் கையோடு வந்து, நுனி உள்ளேயே தங்கிவிடும். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே இழுக்கவேண்டும்.

புதியதைப் பொருத்தும் முன் துளையின் விளிம்பைத் துடைத்து, ஓ-ரிங் இருந்தால் அதில் லேசாக என்ஜின் ஆயில் தடவுங்கள். வாஷரோ சீலன்ட்டோ கூடுதலாக வைக்கக்கூடாது. சென்சார் நுனிக்கும் அதன் எதிரே சுழலும் பல்சக்கரத்துக்கும் உள்ள மிகச் சிறிய இடைவெளி மாறினால் சிக்னல் கெட்டுவிடும்.

பதில் 3

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கண் தெரியாமல் தடவிக்கொண்டு போராடுவதைவிட, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி நகர்த்திவிடுவதே என் வழக்கம். சில போல்ட்டுகள் கூடுதலாகக் கழற்றவேண்டும், அவ்வளவுதான். கனெக்டரின் பூட்டு கண்ணெதிரே வந்துவிடும். சூட்டில் மொறுமொறுத்துப்போன அந்தச் சிறு நாக்கு, பார்க்காமல் அழுத்தினால் முறியாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஸ்டார்ட்டருக்குச் செல்லும் தடித்த வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் அங்கே ஸ்பேனரை வைத்தால் தீப்பொறி பறக்கும். மோட்டாரும் கனமானது, கடைசி போல்ட்டை எடுக்கும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. மூன்று வயர்கள் இருக்கின்றன, எனவே முதலில் கனெக்டரைச் சோதிக்கிறேன். சென்சாரை மாற்றிய பின் என்ஜின் கணினிக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டியிருக்குமா?

பதில் 1

அது வண்டியைப் பொறுத்தது. பலவற்றில் குறியீட்டை அழித்தாலே போதும். சிலவற்றில் ஸ்கேனர் வழியாகக் கிராங்க் கற்றல் முறையை இயக்கவேண்டும். அதைச் செய்யாவிட்டால், கற்றல் நடக்கவில்லை என்பதைக் குறிக்கும் பி0315 வரக்கூடும். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இது தெளிவாக இருக்கும், போல்ட்டை எவ்வளவு இறுக்கவேண்டும் என்ற டார்க் அளவையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆறிய என்ஜின் ஸ்டார்ட் ஆவதை வைத்து வேலை முடிந்தது என்று எண்ணவேண்டாம், அது முன்பும் ஆகிக்கொண்டுதான் இருந்தது. எந்தச் சூட்டில் அணைந்ததோ அந்தச் சூடு வரும்வரை ஓட்டி, நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.