தவக்காலத்தில் பங்கு மண்டபத்தில் போட நல்ல கத்தோலிக்கப் படங்கள் எவை?

ராயபுரம்_அந்தோணி:
எங்க பங்கு (எங்க ஏரியா சர்ச்) இளைஞர் குழு இந்தத் தவக்காலத்துல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள்ல, வாரம் ஒரு படம்னு அஞ்சு வாரம் போடறதா முடிவு பண்ணியிருக்கோம். மண்டபத்துல 120 பேர் உட்காரலாம், முக்கால்வாசி பேர் பாய் விரிச்சுத் தரையில. வர்றவங்க காசிமேட்டுல மீன் தொழில், ஹார்பர்ல வேலைன்னு இருக்கற குடும்பங்க. ஆயாக்களும் வருவாங்க, ஒன்பதாவது பத்தாவது படிக்கற பசங்களும் வருவாங்க.

இயேசுவோட பாடுகள் (சிலுவை மரணத் துன்பங்கள்) பத்தின படம் வேணாம், பெரிய வெள்ளி அன்னைக்கு டிவியிலயே ஓடுது. ஒரு சாமியாரோ, சிஸ்டரோ, சாதாரண விசுவாசியோ நிஜமான ஒரு முடிவு எடுக்கவேண்டிய இடத்துல நிக்கற கதைகள் வேணும். எந்தப் படம், எந்த வரிசை, தமிழ் சப்டைட்டில் எப்படிப் போடறது, அனுமதி வாங்கணுமா, நாலையும் சொல்லுங்க. நேரம் சனிக்கிழமை ராத்திரி 7 மணின்னு யோசிச்சிருக்கோம். புரொஜக்டர் 3000 லூமென்ஸ், திரை 10 அடி அகலம்.

தண்டையார்பேட்டை_சேவியர்:
தம்பி, முதல் வாரம் கண்ணை மூடிக்கிட்டு 'ஆன் த வாட்டர்ஃப்ரன்ட்' போடுங்க. 1954, எலியா கசான் இயக்கம், 108 நிமிஷம். அமெரிக்காவுல ஹோபோக்கன் துறைமுகத்துல எடுத்த படம். தொழிலாளர் சங்கத்தைக் கையில வச்சிருக்கற ரவுடிக் கும்பலுக்கு எதிரா யார் வாயைத் திறக்கறதுங்கறதுதான் கதை. காலையில வேலைக்கு ஆள் பொறுக்கற காட்சி ஒண்ணு வரும்: மேஸ்திரி டோக்கனை வீசி எறிவான், ஆளுங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து பொறுக்குவாங்க. ஹார்பர்ல வேலை பாக்கற குடும்பத்துக்கு அதுக்கு விளக்கமே தேவையில்லை.

இதுல வர்ற ஃபாதர் பேரி (கார்ல் மால்டன்) முழுக் கற்பனைப் பாத்திரம் இல்லை. நியூயார்க் துறைமுகத் தொழிலாளர்களோட நின்ன ஜான் கொரிடன்னு ஒரு இயேசு சபைக் குருவை வச்சு எழுதினது. சாட்சி சொல்லப்போற டூகன் மேல சரக்கைச் சரிச்சுவிட்டுக் கொன்னுடறாங்க. ஃபாதர் கப்பலோட அடித்தளத்துல, பிணத்துக்குப் பக்கத்துலயே நின்னு பிரசங்கம் பண்றார். இதுவும் சிலுவையில அறையறதுதான்னு சொல்றார். மேலேருந்து அழுகின பழம், டின்னுன்னு எறியறாங்க, நெத்தியில ரத்தம், பேச்சு நிக்கல. கடைசியில அந்த உடலோடயே சரக்குத் தட்டுல ஏறி மேல வர்றார். அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவே படத்தைப் போடலாம். சப்டைட்டில்ல அதிகம் உழைக்கவேண்டியதும் அங்கதான்.

ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்குங்க. கசான் 1952-ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி தன் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களோட பேரைச் சொன்னவர். காட்டிக்கொடுக்கறதை நியாயப்படுத்தத்தான் இப்படி எடுத்தார்னு ஒரு விமர்சனம் உண்டு. படம் முடிஞ்சப்புறம் யாராவது கேட்டா மழுப்பாம பேசுங்க.

மூணாவது வாரத்துக்கு மலையாளத்துல 'ஈ.மா.யௌ' (2018, லிஜோ ஜோஸ் பெல்லிசேரி). செல்லானம் கடற்கரை, லத்தீன் கத்தோலிக்க மீனவக் குடும்பம். அப்பாவுக்கு ஊரே பாக்கற மாதிரி அடக்கம் பண்றேன்னு மகன் வாக்குக் கொடுத்த ராத்திரியே அப்பா போயிடறார். அப்புறம் காசு இல்ல, மழை விடல, சாவுல சந்தேகம்னு வதந்தி கிளம்புது, பங்குச் சாமியார் கல்லறையில இடம் தர மறுக்கறார். சவப்பெட்டி வாங்கறது, பேண்டு சொல்றது, அழ வர்றவங்க போட்டி எல்லாம் நம்ம தெருவுல நடக்கற மாதிரியே இருக்கும். ஆனா குடி, கெட்டவார்த்தை இருக்கு, 16 வயசுக்குக் கீழ வேணாம். படம் முழுக்க மழைச் சத்தம், கடல் சத்தம் இருக்கறதால ஸ்பீக்கர் சுமாரா இருந்தா வசனம் காதுல விழாது. மலையாளம்தானேன்னு சப்டைட்டில் இல்லாமப் போட்றாதீங்க.

காசிமேடு_மரியதாஸ்:
படம் எதுவோ இருக்கட்டும், கிழமையை மாத்துங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலை ஏலம்தான் வாரத்துலயே பெருசு. சனி ராத்திரி மீன் தொழில்காரங்க யாரும் 9 மணி வரைக்கும் உட்காரமாட்டாங்க. வெள்ளி சிலுவைப்பாதைக்குப் போயிடும். ஞாயிறு சாயங்காலம் 6.30 வைங்க. மார்ச்சுல 6.20-க்குத்தான் சூரியன் இறங்குது, அதனால மேற்குப் பக்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வேணும்.

பெரம்பூர்_ஜெசிந்தா:
சேவியர் அண்ணன் சொன்ன முதல் படம் சரி. ஆனால் 'ஈ.மா.யௌ' தவக்கால நடுவில், அதுவும் ஆயாக்கள் முன்னால் வேண்டாம் என்பது என் கருத்து. மிக நல்ல படம். அதை நவம்பர் மாதம், கல்லறைத் திருநாள் வாரத்தில், பெரியவர்களுக்கு மட்டும் வையுங்கள். அந்த இடத்துக்கு இவை:

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ஐ கன்ஃபெஸ்' (1953, சுமார் 95 நிமிடம்). கியூபெக் நகரம். ஒரு கொலையாளி பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதில்) உண்மையைச் சொல்லிவிடுகிறான், பழி அந்தக் குருவின் மேலேயே விழுகிறது. அவர் வாய் திறக்கமாட்டார். திருச்சபைச் சட்டம் 983 இதைத்தான் சொல்கிறது: ஒப்புரவு அருளடையாள முத்திரை, அதாவது பாவசங்கீர்த்தன ரகசியம், மீற முடியாதது. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட விலக்கு இல்லை. படத்துக்கு முன்னால் பங்குத்தந்தை இரண்டே நிமிடம் இதை விளக்கிவிட வேண்டும். இல்லையென்றால் 'சொல்லிட்டாத்தான் என்ன' என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், படத்தின் பிடி போய்விடும்.

'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்' (2010, சேவியர் போவுவா, பிரெஞ்சு, 122 நிமிடம்). அல்ஜீரியாவின் திபிரின் மடத்துத் துறவிகள் 7 பேர் 1996-ல் கடத்திக் கொல்லப்பட்டார்கள். 2018-ல் அருளாளர்களாக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) உயர்த்தப்பட்டார்கள். படம் அவர்களின் சாவைக் காட்டுவதைவிட, மடத்தை விட்டுப் போவதா இருப்பதா என்று மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுவதையே காட்டுகிறது. முதல் கூட்டத்தில் சிலர் போய்விடலாம் என்கிறார்கள், அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவராக மாறுகிறார்கள். கடைசி இரவுணவில் ஒரு துறவி டேப்பில் 'ஸ்வான் லேக்' இசையைப் போட்டு ஒயின் ஊற்றுவார். முகங்கள் மட்டும்தான், பேச்சே இல்லை. அந்த இடத்தில் டீ, பிஸ்கட் கொடுக்க எழுந்துவிடாதீர்கள். மெதுவான படம், ஆகவே நான்காவது வாரம்.

தமிழில் ஒன்று கட்டாயம் வேண்டும். 'ஞான ஒளி' (1972, பி. மாதவன்). சிவாஜியின் அந்தோணி, 'தேவனே என்னைப் பாருங்கள்' பாட்டு, ஆயாக்கள் கூடவே பாடுவார்கள். இன்னும் பழையது வேண்டுமென்றால் சிட்டாடல் தயாரித்த 'ஞானசௌந்தரி' (1948). 'அருள் தாரும் தேவமாதாவே' அதில்தான். கதை மாதா புதுமையில் முடிவதால் நீங்கள் கேட்ட 'முடிவு எடுக்கும்' வகையில் சேராது, ஆனால் முதியவர்களை மண்டபத்துக்குள் கொண்டுவருவது அதுதான்.

குருத்து ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) உங்கள் விதியை ஒருமுறை தளர்த்துங்கள். பசோலினியின் 'மத்தேயு நற்செய்தி' (1964, 137 நிமிடம்). கடவுள் நம்பிக்கை இல்லாத மார்க்சியவாதி எடுத்து, திருத்தந்தை 23-ம் யோவான் நினைவுக்குக் காணிக்கையாக்கிய படம். தென் இத்தாலியின் மத்தேராவில், நடிகர் அல்லாதவர்களை வைத்து எடுத்தது. டிவியில் வரும் பாடுகளின் படங்களோடு இதற்கு எந்த ஒட்டும் இல்லை. வசனம் மத்தேயுவிலிருந்தே எடுத்தது என்பதால் சப்டைட்டிலுக்குத் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை அப்படியே போடலாம். பூசையில் கேட்ட வரிகள்தான், மக்கள் பாதியைப் படிக்காமலே பின்தொடர்வார்கள்.

வியாசர்பாடி_எடிட்டர்:
சப்டைட்டில் பத்தி மட்டும் சொல்றேன், பெரும்பாலான இடத்துல கெடறது இதுலதான்.

ஆங்கில எஸ்.ஆர்.டி ஃபைலை (சப்டைட்டில் ஃபைல்) எடுத்து 'சப்டைட்டில் எடிட்'ங்கற மென்பொருள்ல திறந்து வரிவரியா தமிழாக்குங்க. மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே விட்டா சாமியாரை 'அப்பா'ன்னு கூப்பிடும், பூசை 'நிறை'ன்னு வரும். ஒரு திரைக்கு ரெண்டு வரி, ஒரு வரிக்கு நாலஞ்சு சொல். தமிழ்ச் சொல் நீளம், அதனால சுருக்கித்தான் ஆகணும். சேமிக்கும்போது எழுத்துக் குறியீடு யூ.டி.எஃப்-8னு தேர்ந்தெடுங்க, இல்லைன்னா திரையில வெறும் கேள்விக்குறி.

பென் டிரைவை நேரா புரொஜக்டர்ல சொருகாதீங்க. நிறைய புரொஜக்டர், டிவியில தமிழ் எழுத்து சேராது, ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னாடி தனியா நிக்கும். லேப்டாப்ல வி.எல்.சி, எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். இன்னும் பத்திரம்னா 'ஹேண்ட்பிரேக்' மென்பொருள்ல சப்டைட்டிலைப் படத்தோடயே பதிச்சிடுங்க. நிறம் மஞ்சள், கறுப்பு ஓரம். கறுப்பு வெள்ளைப் படத்துல வெள்ளை எழுத்து போட்டா, துறவி அங்கி வர்ற இடத்துல காணாமப் போகும்.

சப்டைட்டில் ஆரம்பத்துல சரியா இருந்து போகப்போக விலகினா அது பிரேம் வேகச் சிக்கல். ஐரோப்பிய டிஸ்க் நொடிக்கு 25 பிரேம், சப்டைட்டில் 24-க்கு எழுதினதா இருக்கும். 2 மணி நேரத்துல 5 நிமிஷம் வரைக்கும் தள்ளிப்போகும். நேரத்தை முன்னபின்ன தள்றது உதவாது, 'பிரேம் ரேட் மாற்று'ன்னு இருக்கறதைப் பயன்படுத்துங்க. ஆரம்பம், நடு, கடைசி மூணு இடத்துல சரிபாருங்க.

திரையோட கீழ் விளிம்பு தரையிலேருந்து 4 அடியாவது இருக்கணும். அதுக்குக் கீழ இருந்தா பின்வரிசைக்கு எழுத்து தெரியாது, தலைதான் தெரியும். பழைய படங்கள் கிட்டத்தட்ட சதுரமான பிரேம். புரொஜக்டர் 'ஃபுல்'ல இருந்தா இழுத்துத் தடியா காட்டும், அளவு விகிதத்தை 'ஒரிஜினல்'ல வைங்க.

சத்தம்: 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான) டிராக்கை ரெண்டு ஸ்பீக்கருக்கு அனுப்பினா இசை கேக்கும், வசனம் அமுங்கும். ஸ்டீரியோ டிராக் தேர்ந்தெடுங்க. கூம்பு ஒலிபெருக்கி வேணவே வேணாம், பெட்டி ஸ்பீக்கர் ரெண்டு, உட்கார்ந்திருக்கறவங்க தலைக்குச் சற்று மேல.

மண்ணடி_வக்கீல்:
அனுமதி பற்றி. கட்டணம் வாங்காவிட்டாலும் மண்டபத்தில் போடுவது பொதுத் திரையிடல்தான். ஓ.டி.டி சந்தாவும் வீட்டு டிஸ்க்கும் வீட்டுக்குள் பார்க்க மட்டுமே. மத நிறுவனத்தின் நலனுக்காக என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரும் விலக்கு, அமெச்சூர் குழுவினர் நடத்தும் நாடகம், இசை, இலக்கிய நிகழ்ச்சிகளுக்கு உரியது. சினிமாவுக்கு இல்லை.

இந்தியாவில் திரைப்பட உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. 1964 வரை வந்த படங்கள் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டன. மேலே சொன்னவற்றில் 1948, 1953, 1954, 1964 படங்கள் இதில் அடங்கும். ஆனால் டிஸ்க்கில் புதிதாகச் சேர்த்த பின்னணி இசையும் வேறொருவர் எழுதிய சப்டைட்டிலும் தனி உரிமை. சப்டைட்டிலை நீங்களே எழுதுங்கள். 'ஞான ஒளி', 'ஈ.மா.யௌ', 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்' மூன்றுக்கும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பதில் வரத் தாமதமாகும், இப்போதே கடிதம் அனுப்புங்கள். திறந்தவெளிக்கு மாற்றினால் ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி, இரவு 10 மணிக்கு மேல் கூடாது.

ராயபுரம்_அந்தோணி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஞாயிறு 6.30-க்கு மாத்திட்டோம். இன்னும் ரெண்டு கேள்வி. 'சைலன்ஸ்' போடலாமா? மௌனப் படம் ஒண்ணு, இயக்குநர் டிரையரோட ஜோன் ஆஃப் ஆர்க் (பிரெஞ்சுப் புனிதை) படம் போட்டா கூட்டம் உட்காருமா?

தண்டையார்பேட்டை_சேவியர்:
'சைலன்ஸ்' (2016, ஸ்கோர்செசி), ஜப்பான்ல கிறிஸ்தவங்களைத் துன்புறுத்தின காலத்துல அங்க போற சாமியார்கள் கதை. 161 நிமிஷம், இடைவேளை இல்லாம மண்டபத்துல தாங்காது. திரும்பத் திரும்பக் காட்டிக்கொடுத்துட்டு, திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து நிக்கற கிச்சிஜிரோவைப் பத்தி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம். சாமியார் கிறிஸ்து படத்தை மிதிக்கறது சரியா தப்பான்னு கேள்வி வரும், அதனால இறையியல் தெரிஞ்ச ஒருத்தர் கூட இருந்தாத்தான் போடணும். இளைஞர் குழு மட்டும் தனியா ஒரு நாள் பாருங்க. இதுக்கும் அனுமதி வாங்கணும்.

ஜோன் படம் (1928) தாராளமா உட்காருவாங்க. ஜோனா நடிச்ச ஃபால்கொனெட்டியோட முகம் திரையை அடைச்சு நிக்கும், வசனம் தேவைப்படாது. மூல நெகட்டிவ் தீயில போயிடுச்சு. 1981-ல ஆஸ்லோ மனநல மருத்துவமனை ஒண்ணுல கிடைச்ச பிரதியிலேருந்து வந்த டிஸ்க்கைத் தேடுங்க. நொடிக்கு 20 பிரேம் ஓடற 97 நிமிஷப் பிரதி நல்லது, 24-ல ஓடற 81 நிமிஷப் பிரதியில தலையசைப்பெல்லாம் அவசரமாத் தெரியும். நடுவுல வர்ற எழுத்து அட்டைகளைச் சப்டைட்டிலா போடாம, பூசையில வாசகம் வாசிச்சுப் பழகின ஒருத்தரை மைக்ல தமிழ்ல படிக்க வைங்க. நடிச்சுப் படிக்கவேணாம், சமன்குரல் போதும். அட்டை மறையறதுக்குள்ள முடியற நீளத்துக்கு வரிகளை வெட்டி, வரிசை எண் போட்டுத் தாள்ல எழுதி, படத்தோட ஒரு தடவை முழுசா ஒத்திகை பார்த்துடுங்க. படிக்கறவருக்குச் சின்ன டார்ச் ஒண்ணு, ஒளி திரைப்பக்கம் போகாம அட்டை வச்சு மறைச்சு.