ஆங்கிலிக்கன்–லுத்தரன் சங்கம்: வருடாந்தரக் கூட்டம் இன்னும் தேவையா?

பாளைக்காரன் எழுதியது:

லண்டனில் ஆங்கிலிக்கன்–லுத்தரன் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலிக்கர் இங்கிலாந்துத் திருச்சபை வழியினர், லுத்தரன்கள் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் வழியினர். லுத்தர் பிறந்த ஐந்நூறாம் ஆண்டை 1983இல் கொண்டாடினார்கள். அடுத்த வருஷமே சங்கம் தொடங்கிவிட்டது. இரண்டு சபையாரும் ஒருவரையொருவர் அறிய வேண்டும், ஐக்கியம் வளர வேண்டும் என்பதே நோக்கம். வருஷா வருஷம் லண்டனில் கூடி ஆண்டறிக்கை, ஒரு சொற்பொழிவு, ஆராதனை என்று நடத்துகிறார்கள். அது போக, ஐரோப்பாவில் ஏதாவது ஓர் ஊரில் அவ்வப்போது சில நாள் மாநாடும் உண்டு.

1984இல் இதற்குத் தேவை இருந்தது. 1996க்குப் பிறகு என்ன தேவை? அந்த ஆண்டு போர்வூ உடன்பாடு கையெழுத்தானது. பிரிட்டன், அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபைகளும் நோர்டிக், பால்டிக் நாட்டு லுத்தரன் சபைகள் பலவும் ஒரே திருவிருந்துக்கு வந்துவிட்டன. ஒருவர் பிஷப்பை மற்றவர் பிஷப்பாக ஏற்கிறார்கள். 2010இல் டென்மார்க்கும் சேர்ந்துகொண்டது. திறந்த கதவை இன்னும் ஏன் தட்டிக்கொண்டிருக்க வேண்டும்? அந்தப் பணத்தையும் நேரத்தையும் அகதிகள் நடுவே நடக்கும் ஊழியத்துக்குக் கொடுத்தால் அதுவே ஐக்கியம்.

தேம்ஸ்கரை எழுதியது:

ஐயா, எல்லாக் கதவும் திறக்கவில்லை. லுத்தர் பிறந்த நாட்டையே விட்டுவிட்டீர்களே.

ஸ்வீடனில் குருப்பட்டம் பெற்ற ஒருவர் இங்கிலாந்துக்கு வந்தால் மறுபடி பட்டம் பெற வேண்டியதில்லை. பிஷப் அனுமதி கொடுத்தால் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் திருவிருந்தை நடத்தலாம். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு லுத்தரன் போதகர் வரட்டும். அதே ஆலயத்தில் பிரசங்கம் செய்யலாம், திருவிருந்தில் பங்குபெறலாம். அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்து ஆசீர்வதிக்க முடியாது. 1991இல் ஜெர்மானிய சபைகளோடு செய்த மைசென் உடன்பாடு அந்த இடத்தில் நின்றதுதான், இன்னும் நகரவில்லை. இருவரும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறவர்கள். பீடத்தில் மட்டும் ஒருவருக்கு இடம் உண்டு, ஒருவருக்கு இல்லை. இது எனக்கு வலிக்கிறது. இந்த வலி உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு நாளாவது கூடக் கூடாதா?

பாளைக்காரன் எழுதியது:

தம்பி, வலி எனக்கும் உண்டு. ஆனால் மைசெனில் நிற்பதை நகர்த்தும் அதிகாரம் சபையை ஆளும் பேரவையான சினட்டுக்குத்தான் உண்டு, சந்தா கட்டிச் சேரும் ஒரு சங்கத்துக்கு இல்லை.

நட்பு மட்டும் போதாது என்பதற்கு எங்கள் திருநெல்வேலியே சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் எஸ்.பி.சி.கே. என்ற ஊழியச் சங்கம் ஆங்கிலிக்கர்களுடையது. அது பணம் கொடுத்து ஆதரித்தது ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரிகளை. அவர்களில் ஒருவரான சுவார்ட்ஸ் ஐயர் லுத்தரன் முறையில் பட்டம் பெற்றவர். திருச்சியில் ஆங்கிலேயப் படைக்கு அவர்தான் குரு. 1790இல் தமிழ் உபதேசியார் சத்தியநாதன் லுத்தரன் முறையில் பட்டம் பெற்றபோது லண்டன் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அவ்வளவு இணக்கம்! அப்புறம் என்ன நடந்தது? ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான சி.எம்.எஸ்.ஸின் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் தன் உபதேசிமாருக்கும் அதே முறையில் பட்டம் கொடுக்கக் கேட்டார். பிஷப் கையால்தான் ஆக வேண்டும் என்று சி.எம்.எஸ். நின்றது. அவர் ஆங்கிலிக்கன் சபையைக் குறைகூறி எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835இல் உறவு முறிந்தது. உபதேசிமார் இரண்டாகப் பிரிந்தார்கள், சபைகளும் பிரிந்தன. நூறு வருஷத்துக்கு மேல் இருந்த சிநேகம் ஒரு விதியின் முன்னால் நிற்கவில்லை. விதியை மாற்றாத கூட்டம் எத்தனை வருஷம் நடந்தால் என்ன?

ஒஸ்லோவாசி எழுதியது:

விதி எப்படி மாறியது என்று இங்கிருந்து சொல்கிறேன். ஆங்கிலிக்கன் தரப்பின் பெரிய கேள்வி, பட்டம் கொடுக்கும் கைவைத்தல் பிஷப்பிலிருந்து பிஷப்புக்கு அறாமல் வந்ததா என்பது. ஸ்வீடனில் அது அறவில்லை. டென்மார்க்–நோர்வேயில் அறுந்தது. 1537இல் கோபன்ஹேகனில் பிஷப்புகளுக்குப் பதிலாக வந்த புதிய கண்காணிகளை அபிஷேகம் செய்தவர் பூகன்ஹாகன். அவர் லுத்தரின் நண்பர், விட்டன்பர்க் போதகர், ஆனால் பிஷப் அல்ல. அந்தக் கணக்கில் எங்கள் நோர்வே பிஷப்புகள் நானூற்றைம்பது வருஷம் சந்தேகத்துக்கு உரியவர்கள்.

போர்வூ அறிக்கை கேள்வியையே வேறு இடத்தில் வைத்தது. அப்போஸ்தலத் தொடர்ச்சி முழுச் சபையின் வாழ்விலும் சாட்சியிலும் இருக்கிறது. பிஷப் வரிசை அதற்கு ஓர் அடையாளம். அது மட்டுமே உத்தரவாதம் ஆகாது. ஆகவே வரிசை அறுந்த சபையும் மறுபடி அந்த அடையாளத்தை ஏற்கலாம், தன் கடந்தகாலத்தை மறுக்க வேண்டியதில்லை. இதற்குப் பெயர் தந்த பின்லாந்து ஊர் போர்வூவின் பேராலயத்தில்தான் 1992இல் பேச்சுவார்த்தைக் குழு சேர்ந்து திருவிருந்து எடுத்தது. பல வருஷம் ஒன்றாக உட்கார்ந்து ஜெபித்தவர்களுக்கு அந்த இடம் கிட்டியது. முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு தாராளமாக எழுதமாட்டார்கள்.

பாளைக்காரன் எழுதியது:

அது சபைகள் நியமித்த குழு. அதிகாரம் இருந்தது, முடிவும் வந்தது. நான் கேட்பதும் அதைத்தான்.

தேம்ஸ்கரை எழுதியது:

அதிகாரம் உள்ள குழு மட்டும் போதும் என்றால் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கும் இரு சபை அறிஞர்கள் உட்கார்ந்து உடன்பாட்டை எழுதி முடித்தார்கள். 1997இல் லுத்தரன் பேரவையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. ஆறு வாக்கு குறைந்து தோற்றது. திருத்தி எழுதி 1999இல் நிறைவேற்றினார்கள், 2001இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பிஷப் வரிசை எங்கள்மேல் திணிக்கப்படுகிறது என்று லுத்தரன்கள் நடுவே ஓர் இயக்கமே கிளம்பி, சில சபைகள் வெளியேறின. மேலே எழுதியது கீழே இருக்கும் சபையாரிடம் போய்ச் சேரவில்லை. கனடாவில் 2013இல் இரண்டு சபைகளும் தங்கள் தேசியப் பேரவைகளையே ஒட்டாவாவில் சேர்த்து நடத்தின. பழகியவர்களால் அப்படிச் செய்ய முடிகிறது.

லண்டனிலும் பாருங்கள். போரில் குண்டு விழுந்து சிதைந்த புனித ஆன், ஆக்னஸ் ஆலயம் ஆங்கிலிக்கர்களுடையது, கிறிஸ்டோபர் ரென் காலத்தில் கட்டியது. அதைச் சரிசெய்து 1966இல் லுத்தரன்களின் ஆராதனைக்குக் கொடுத்தார்கள். போர்வூவுக்கு முப்பது வருஷம் முன்பு! எந்த உடன்பாடும் அதைக் கேட்கவில்லை.

பொறையார் எழுதியது:

நான் லுத்தரன், தரங்கம்பாடிப் பக்கம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது ஆங்கிலிக்கர்களும் மெதடிஸ்டுகளும் மற்றவர்களும் ஒன்றானார்கள். நாங்கள் வெளியே நின்றோம். இன்றும் வெளியேதான். ஆனால் 1969 முதல் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் எங்கள் பிள்ளைகளும் சி.எஸ்.ஐ. பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே விடுதியில் சாப்பிட்டு ஆயர்களாகிறார்கள். ஒன்றாய்ப் படித்த ஆயர்கள் பக்கத்து ஊர்களில் இருந்தால் அந்தச் சபைகளின் உறவே வேறாக இருக்கிறது. விதி இன்னும் மாறவில்லை என்பதும் உண்மை.

அதனால் சங்கம் கூட வேண்டும் என்பேன். ஆனால் யார் கூடுகிறார்கள்? ஏற்கெனவே நண்பர்களானவர்களே திரும்பத் திரும்பக் கூடினால் பாளைக்கார ஐயா சொல்வது சரி. குருமடத்து மாணவர்களையும் வாலிபரையும் செலவு கொடுத்துக் கூப்பிடட்டும்.

பாளைக்காரன் எழுதியது:

மாணவர்களைக் கூப்பிடட்டும், நல்லது. இன்னொன்றும் செய்யட்டும். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் மைசென் பற்றி ஒரு தீர்மானம் எழுதி இங்கிலாந்து சினட்டுக்கும் ஜெர்மானிய சபைகளுக்கும் அனுப்பட்டும். பதில் வந்ததா என்று அடுத்த வருஷக் கூட்டத்தில் வாசிக்கட்டும். அதைச் செய்யாதவரை என் கருத்து மாறாது.

தேம்ஸ்கரை எழுதியது:

தீர்மானம் போட ஆரம்பித்தால் கட்சி சேரும் ஐயா. அதிகாரம் இல்லாததால்தான் அங்கே எல்லாரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். மாணவர்கள் விஷயத்தைச் சங்கத்துக்கு நானே எழுதுகிறேன்.