பழைய ரயில் போன வழியில் சைக்கிள்: திராட்சை நாட்டு அனுபவங்கள்

மியூனிக்கிலிருந்து:

மலையும் கடலும் திராட்சைத் தோட்டமுமாக இருக்கும் ஊரில் சைக்கிள் ஓட்ட ஆசை, ஆனால் காருக்கும் லாரிக்கும் நடுவில் ஓட்டப் பயம் என்று இங்கே இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். உங்களுக்குத்தான் இது. பரென்சானா பாதைக்குப் போய் வாருங்கள். இத்தாலியின் திரியெஸ்தே பக்கம் தொடங்கி, ஸ்லோவேனியாவின் குட்டிக் கடற்கரையைத் தொட்டு, குரோவேஷியாவில் இஸ்த்ரியா மலைகளுக்குள் ஏறி இறங்கி, பொரெச் என்ற கடலோர ஊரில் முடிகிறது.

அந்தக் காலத்தில் இது ரயில் பாதை. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு 1902-ல் திறந்தது, 1935-ல் மூடிவிட்டார்கள். நீளம் 123 கிலோமீட்டர், தண்டவாள அகலம் வெறும் 760 மில்லிமீட்டர். அந்தச் சின்ன எஞ்சினால் நெட்டுக்குத்தாக ஏற முடியாது. அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி, 100 மீட்டர் போனால் 3 மீட்டர்கூட ஏறாதபடி பாதை போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நம் முழங்காலுக்கு அதுதான் வரம். என் மனைவி அதற்கு முன் மலைப்பக்கம் சைக்கிள் மிதித்ததே இல்லை. 293 மீட்டர் உயரத்தில் இருக்கும் குரோஷ்னியான் வரைக்கும் பேசிக்கொண்டே ஏறினாள்.

ரயில் மெதுவாகத்தான் போகுமாம். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கி, பக்கத்துத் தோட்டத்தில் குலை பறித்துக்கொண்டு, ஓடி வந்து மறுபடியும் ஏறிக்கொள்வார்கள் என்று வழியெல்லாம் சொன்னார்கள். தோட்டங்கள் பாதையை ஒட்டி இருப்பதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. கையை நீட்டினால் இலை படும். ஆனால் காற்று அடித்தால் கதை வேறு. குளிர்காலத்தில் போரா என்று ஒரு காற்று மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும். 1910-ல் மூஜா அருகே அது ரயிலையே கவிழ்த்திருக்கிறது. ஆகவே செப்டம்பரில் போங்கள். வெயில் தணிந்திருக்கும், அறுவடையும் நடக்கும்.

ஸ்லோவேனியப் பகுதி தார் போட்டது. கோப்பரிலிருந்து இசோலா வரை கடலை ஒட்டிய பழைய சாலையில் இப்போது காருக்கு அனுமதி இல்லை. அலைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழாது. ஸ்த்ருன்யான் தாண்டியதும் 550 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம். உள்ளே நுழைந்ததும் சட்டென்று குளிரும், ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும். அது முடிந்தால் போர்த்தொரோஷ், அப்புறம் செச்சோவ்லியே உப்பளங்கள்.

எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம். உப்பளத்தைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. வரப்பில் நின்றிருந்த தொழிலாளி ஒருவர், நான் பாத்தியையே உற்றுப் பார்ப்பதைக் கவனித்து, குனிந்து தண்ணீருக்கடியில் தரையை லேசாக அழுத்திக் காட்டினார். மெத்தென்று அமுங்கியது. பெத்தோலா என்கிறார்கள். பாசியும் ஜிப்சமும் களிமண்ணும் சேர்ந்த மெல்லிய படலம். இதை வருடா வருடம் பராமரித்து வளர்க்கிறார்கள். இது நடுவில் இருப்பதால் உப்பில் சேறு கலப்பதில்லை. வாருகிற பலகை மட்டும் எங்கள் ஊரில் பார்த்ததேதான், மரத்தில் செய்தது, நீளக் கைப்பிடி. போனை எடுத்து வேதாரண்யத்துப் படங்களைக் காட்டினேன். அவர் பக்கத்துப் பாத்தியில் இருந்தவரையும் கூப்பிட்டார். மூவரும் சைகையிலேயே ரொம்ப நேரம் பேசினோம். அவசரமாகப் போகிற சாலையாக இருந்தால் இது நடந்திருக்குமா? ஓரமாக நிறுத்தக்கூட இடம் இருந்திருக்காது.

எல்லை தாண்டிய பிறகு பெரும்பாலும் சரளைக்கல். ஒல்லி டயர் சரிப்படாது, 40 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். கடல் பக்கம் செக்கச்செவேல் என்று செம்மண், தெரான் என்ற சிவப்பு ஒயினுக்கான கொடி அதில் நன்றாக வரும். உள்ளே போகப் போக மண் வெளுத்துவிடும். வெள்ளை ஒயினுக்கான மல்வாசியா இரண்டு பக்கமும் உண்டு.

விஷினாடாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குடும்பம் மல்வாசியா பறித்துக்கொண்டிருந்தது. நாங்கள் தண்ணீர் குடிக்க நின்றதைப் பார்த்து, தாத்தா ஒருவர் கொடியிலிருந்து ஒரு குலையை நறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். வெயில் பட்ட பக்கம் பழம் தேன் நிறத்தில், புள்ளி புள்ளியாக, கைக்குச் சுடச்சுட இருந்தது. தோல் தடிப்பு, உள்ளே அவ்வளவு இனிப்பு. அன்று மாலை வரை ஹேண்டில்பார் பிசுபிசுவென்று ஒட்டியது. பேத்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். தாத்தாவின் அப்பா சிறுவனாக இருந்தபோது இதே வரப்பில் நின்று ரயிலுக்குக் கை காட்டுவாராம். "இப்போது நான் சைக்கிளுக்குக் காட்டுகிறேன்" என்றார் தாத்தா.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 123 கிலோமீட்டரும் வண்டியே இல்லாத பாதை என்று நினைத்துப் போகாதீர்கள். போர்த்தொரோஷில் ஊர்த் தெருக்கள் வழியாகப் போக வேண்டும், எல்லைச் சாவடிப் பக்கம் கார் சாலை உண்டு, ஆங்காங்கே சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். அறுவடைக் காலத்தில் டிராக்டர் வரும், அது அவர்கள் பிழைப்பு, இறங்கி வழி விடுங்கள். ஆனால் புயே தாண்டி குரோஷ்னியான், பிறகு லிவாதே பள்ளத்தாக்கு வரை இறங்கும் பகுதி முழுக்க உங்களுடையதுதான். இருண்ட சுரங்கங்கள் வரும், விளக்கு அவசியம். எதிரே மோத்தொவூன் குன்றின் மேல் மதில் சூழ்ந்த ஊர் ஒவ்வொரு வளைவிலும் வேறு பக்கம் காட்டும். நானாக இருந்தால் அந்தப் பகுதியை ஒரே நாளில் ஓட்டி முடிக்க மாட்டேன்.

* * *

அடிலெய்டிலிருந்து:

அண்ணா, உப்பளம் பற்றி வாசித்ததும் எனக்கு ஆனையிறவு ஞாபகம் வந்தது. ஐரோப்பா வர முடியாதவர்கள், முக்கியமாக ஒஸ்ரேலியாவில் இருப்பவர்கள், எங்கட பக்கத்துப் பாதையையும் பாருங்கோ. மரினோவில் கடலைப் பார்த்தபடி தொடங்கி மக்லாரன் வேல் திராட்சைத் தோட்டங்களூடாக வில்லங்கா வரை போகிறது. இதுவும் பழைய ரயில் பாதைதான், 1915-ல் திறந்து 1969-ல் மூடியது. முதல் பாதி புறநகர் வீடுகளுக்கு நடுவே, தெருக்கள் நிறையக் குறுக்கிடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதை விட்டுவிட்டு மக்லாரன் வேலில் இருந்து வில்லங்கா போகும் துண்டை மட்டும் ஓடுங்கோ. அதற்கு ஷிராஸ் பாதை என்று பெயர், கிட்டத்தட்டத் தட்டையான நிலம்.

அங்கே ஒரு தோட்டக்காரர் என் மகனைக் கூப்பிட்டுக் கதைத்தார். பந்து எடுக்க அவன் வேலியைத் தாண்டிக் கொடிகளுக்குள் இறங்கப் பார்த்திருக்கிறான். அவர் கோபப்படவில்லை. பந்தைத் தானே எடுத்துத் தந்துவிட்டு, ஃபைலாக்செரா என்ற, வேரைத் தாக்கும் பூச்சி பற்றி நிதானமாக விளக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பூச்சி, தென் ஒஸ்ரேலியாவுக்குள் இன்னும் வரவில்லை. சப்பாத்திலும் டயரிலும் ஒட்டுகிற மண்ணில்கூட வந்துவிடும். அந்தப் பூச்சி வராததால்தான் நூறு வயது தாண்டிய கொடிகள் இங்கே இன்னும் காய்க்கின்றன. தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதேங்கோ, வேறு மாநிலத்துத் தோட்டத்தில் ஓடிய சைக்கிள் என்றால் கழுவிக்கொண்டு வாங்கோ.

ஹெல்மெட் இங்கே சட்டம். ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை மக்பை பறவைகள் கூட்டைக் காக்கப் பின்னாலிருந்து தலையைக் குறிவைத்துப் பாயும். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் அநேகமாக விட்டுவிடும்.

* * *

மியூனிக்கிலிருந்து:

விசா பற்றிக் கேட்டவருக்கு: குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் என்ற பொது விசா வட்டத்திலும் யூரோ நாணயத்திலும் இருக்கிறது. மூன்று நாடுகளுக்கும் ஒரே விசா போதும். ஆனால் பாஸ்போர்ட்டைப் பைக்குள் புதைத்து வைக்காதீர்கள், எல்லைகளில் சில சமயம் நிறுத்திப் பார்க்கிறார்கள்.

சைவச் சாப்பாடு கேட்டிருந்த தங்கைக்கு: கொனோபா என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் ஃபூஷி என்று ஒரு பாஸ்தா கிடைக்கும், ட்ரஃபிள் என்ற, மண்ணுக்கடியில் விளையும் காளானைச் சீவிப் போட்டது. அதைக் கேளுங்கள். மனெஷ்த்ரா சூப்பில் இறைச்சி போட்டிருப்பார்கள், விசாரித்துவிட்டு வாங்குங்கள். ஒயின் ருசி பார்க்கிறவர்கள் அன்றைய ஓட்டம் முடிந்த பிறகு, தங்கும் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் சரளைக்கல் கொஞ்சம் தவறினாலும் சறுக்கும்.