ஓட்டு வாங்கி ஜெயிச்சுட்டா அவர் ஜனநாயகத் தலைவர் ஆயிடுவாரா?

கரிசக்காட்டான்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்குற விஷயம், இங்க கேட்டா அடிக்க வரமாட்டீங்கன்னு நம்பி கேக்குறேன்.

கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு மே 1, லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப முதல் தடவையா கிராம சபையில போய் உக்காந்தேன். எங்க ஊராட்சியில நாலாயிரத்துக்கு மேல ஜனம், கோரம்னா, அதாவது கூட்டம் செல்லுபடியாக, 200 பேர் வரணும், அங்க இருந்தது அறுபது எழுபது பேரு தான், அதுலயும் பாதி நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க, வரலன்னா வேலை தரமாட்டாங்கன்னு பயந்து வந்தவங்க. தலைவரம்மா ஓரமா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்காங்க, மைக்க புடிச்சு பேசுறது பூரா அவங்க வீட்டுக்காரர். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்குனது, அதனால இவர் பேருக்கு அவங்கள நிறுத்துனாரு, ஊரே அவரத்தான் 'தலைவரே'ன்னு கூப்புடுது.

அப்ப பின்னாடி இருந்து ஒரு அக்கா எந்திரிச்சு, 'தண்ணித் தொட்டி மோட்டாருக்கு இந்த வருஷம் எத்தன தடவ காயில் கட்டுனீங்க, எவ்ளோ ஆச்சு'ன்னு கேட்டுச்சு. அவ்ளோ தான் கேட்டுச்சு. அவரு சிரிச்சுக்கிட்டே 'அத ஆபீஸ்ல வந்து கேளும்மா'ன்னாரு. அதுகூட பரவால்ல, பக்கத்துல உக்காந்திருந்த ஜனமே 'உக்காரு உக்காரு, ஒனக்கு எதுக்கு கணக்கு'ன்னு அந்தக்காவ அமுக்கிருச்சு.

என் குழப்பம் இது தான். அவங்க கள்ள ஓட்டு போட்டு வரல, நல்ல வித்தியாசத்துல ஜெயிச்சவங்க. ரோடு போட்டாங்க, லைட் எரியுது. அப்ப என்ன தான் குறையுது? தலைவர் சரியில்லையா, ஜனம் சரியில்லையா?

முன்னாள்_மெம்பர்:

தம்பி, நான் அஞ்சு வருஷம் வார்டு மெம்பரா இருந்தவன், ஊரு பேரு வேணாம். நீங்க மைக்கப் பாத்தீங்க, நான்னா தீர்மான நோட்டத் தான் பாப்பேன். நெறைய ஊர்ல கையெழுத்து மொதல்ல, தீர்மானம் அப்புறம். வந்தவங்க எல்லாம் வெத்துப் பக்கத்துல போட்டுட்டுப் போயிருவாங்க, மேல என்ன எழுதுனாங்கங்கறது ரெண்டு நாள் கழிச்சு முடிவாகும். நானே அப்படி போட்டவன் தான், பொய் சொல்லல, டீ வந்துச்சு, பேனா வந்துச்சு, போட்டேன்.

இன்னொன்னு வெளிய தெரியாது. செக்குல தலைவர் கையெழுத்து மட்டும் செல்லாது, துணைத்தலைவரும் போடணும். ஒருத்தர ஒருத்தர் புடிச்சு வைக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனா துணைத்தலைவர தேர்ந்தெடுக்கிறது வார்டு மெம்பருங்க, அதனால ஊர்த் தேர்தல விட அந்த எலெக்‌ஷன்ல தான் சூடு ஜாஸ்தி, மெம்பர்கள வண்டியில ஏத்திக்கிட்டு டூர் போயிருவாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னா செக்கு புக்குக்கு பூட்டே கிடையாது.

எனக்கு முந்தி இருந்த தலைவர் ஒருத்தரு, படிப்பு அஞ்சாவது, வரவு செலவ அவரே வாசிப்பாரு, தடுமாறித் தடுமாறி. ஒரு தடவ ஒரு பெருசு எந்திரிச்சு 'எங்க தெருவுல நாலு டியூப் லைட்டு தானேப்பா இருக்கு, ஆறுக்குக் காசு போட்டிருக்க'ன்னு கேட்டாரு. மனுஷன் கோவப்படல. கிளார்க்க அங்கயே எண்ணிட்டு வரச் சொன்னாரு, நாங்க எல்லாம் அதுவரைக்கும் உக்காந்திருந்தோம். அடுத்த கூட்டம் அந்தக் கணக்குல தான் ஆரம்பிச்சுது. நல்ல தலைவருன்னா எனக்கு அவர் மொகம் தான் ஞாபகம் வரும், அந்தாளு போட்ட ரோடு ஒன்னும் பெருசா இல்ல.

சோழநாட்டான்:

நாம யாருக்கும் பாடம் கேக்க வேண்டியதில்ல பாஸ், ஆயிரம் வருஷம் முன்னாடியே உத்திரமேரூர்ல குடவோலை போட்டு தேர்தல் நடத்துனவங்க நாம. பராந்தக சோழன் காலக் கல்வெட்டு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல இன்னைக்கும் இருக்கு.

மதுரைக்காரி:

அந்தக் கல்வெட்ட முழுசா படிச்சீங்களா சகோ? அது பிரம்மதேய ஊரு, அதாவது பிராமணர்களுக்கு தானமா குடுத்த ஊரு. வரி கட்டுற நிலம் கால் வேலியாச்சும் (வேலிங்கறது பழைய நில அளவு) இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும், 35க்கு மேல 70க்குள்ள வயசு. அந்த நிலத்துல ஏர் ஓட்டுனவன் பேரும் நாத்து நட்டவ பேரும் குடத்துக்குள்ள போகவே போகாது. ஆனா ஒரு விதி இருக்கு, அதுக்கு நான் கும்புடு போடுவேன்: வாரியத்துல, அதாவது ஊர் நிர்வாகக் குழுவுல, இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது, அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. அத இன்னைக்கு நம்ம ஊர்ல போட்டா எத்தன வீட்டுக்காரர் தேறுவாருன்னு யோசிச்சுப் பாருங்க.

கரிசக்காட்டான், நீங்க ஜனமா தலைவரான்னு கேட்டீங்கல்ல. நான் உசிலம்பட்டிப் பக்கம் வளந்தவ. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துல கொட்டகச்சியேந்தல், இந்த நாலு ஊராட்சியும் 1996ல தலித்துக்கு ரிசர்வ் ஆச்சு. சட்டம் இருந்துச்சு, தேர்தல் கமிஷன் இருந்துச்சு, போலீஸ் இருந்துச்சு. ஆனா பத்து வருஷம் நிலையா ஒரு தலைவர் இல்ல. மனு போட ஆள் வரமாட்டாங்க, வந்து ஜெயிச்சாலும் பதவி ஏத்த கையோட ராஜினாமா பண்ண வச்சிருவாங்க. 2006 அக்டோபர்ல தான் ஒழுங்கா தேர்தல் நடந்து தலைவருங்க உக்காந்தாங்க. சின்னப் புள்ளையா இருந்தப்ப 'தேர்தல் நடக்காத ஊரு'ன்னா எனக்கு ஏதோ தூரத்து நாடுன்னு தோணாது, பஸ்ல டிக்கெட் எடுத்தா போற ஊரு.

மேலூர்ப் பக்கம் மேலவளவு இதவிட கொடும. அங்கயும் தலைவர் பதவி தலித்துக்கு ரிசர்வ், முருகேசன் ஜெயிச்சாரு, ஊராட்சி ஆபீசுக்குள்ளயே போக முடியல. 1997 ஜூன் 30, மதுரையில இருந்து திரும்பி வர்ற பஸ்ஸ மறிச்சு அவரயும் கூட வந்தவங்களயும் வெட்டிக் கொன்னாங்க. ஓட்டுல ஒரு குறையும் இல்ல பாருங்க. அந்த சேர்ல யாரு உக்காரலாம்னு ஊரு மனசுல ஏற்கனவே ஒரு தேர்தல் நடந்து முடிஞ்சு போச்சு, அவ்ளோ தான்.

1949 நவம்பர் 25, அரசியல் நிர்ணய சபையில அம்பேத்கர் இதத்தான் எச்சரிச்சாரு. அரசியல்ல ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒரே மதிப்பு, சமூகத்துலயும் பொருளாதாரத்துலயும் அந்த சமம் இல்ல, இந்த முரண்பாட்டோட தான் குடியரசுக்குள்ள போறோம்னு. 2022 ஆகஸ்ட் 15க்கு முன்னாடி தலித் ஊராட்சித் தலைவருங்க கொடி ஏத்துறத யாரும் தடுக்கக் கூடாதுன்னு தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுத வேண்டியிருந்துச்சு. சுதந்திரம் வாங்கி 75 வருஷம்!

விருதுநகர்_பையன்:

அதெல்லாம் சரி, ஒரு காமராஜர் வந்தா எல்லாம் மாறும். 1963ல முதலமைச்சர் பதவிய தானா விட்டவரு, 1967ல சொந்த ஊர்லயே ஒரு மாணவர் தலைவர்கிட்ட 1285 ஓட்டுல தோத்து, அத ஏத்துக்கிட்டவரு. இப்ப யாராச்சும் இருக்காங்களா?

முன்னாள்_மெம்பர்:

காமராஜர் மேல எனக்கும் மரியாதை உண்டு தம்பி, எங்கப்பா படிச்சதே மதிய உணவால தான். ஆனா ஒருத்தர் வருவாருன்னு காத்துக்கிட்டு இருக்குறது எனக்கு ஒத்துக்கல. மேல சொன்ன அதே பேச்சுல அம்பேத்கர் அரசியல்ல பக்தி வேணாம், அது சர்வாதிகாரத்துல கொண்டு போய் விடும்னும் சொல்லிருக்காரு. அந்த விருதுநகர் கதையில எனக்குப் புடிச்சது தோத்தவர் இல்ல, அவ்ளோ பெரிய ஆளுக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டு பயமில்லாம வீட்டுக்குப் போன ஜனம்.

அப்புறம் எங்க மாவட்டத்துல 2019ல ஜெயிச்சவங்க பதவி 2025 ஜனவரியோட முடிஞ்சுருச்சு, நிர்வாகம் அரசாங்கம் போட்ட தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு. தலைவர் கேள்வி கேட்டா சிரிச்சாராச்சும். அதிகாரிகிட்ட எங்க போய் நிப்பீங்க?

கரிசக்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. மதுரைக்காரி அக்கா எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். ஒன்னு ஒத்துக்கணும், அன்னைக்கு அந்தக்காவ 'உக்காரு'ன்னு சொன்னதுல எங்க சித்தப்பாவும் ஒருத்தரு, நான் பக்கத்துல தான் இருந்தேன், வாயத் தொறக்கல.

போன வாரம் ஊருக்குப் போனப்ப அந்தக்கா வீட்டுக்குப் போனேன். மோட்டார் கதையக் கேட்டதும் உள்ள போய் பழைய காலண்டர் ஒன்ன எடுத்துட்டு வந்துச்சு, மளிகைக் கடையில குடுக்குற மாசக் காலண்டரு. தண்ணி வராத நாளுக்கு எல்லாம் கரிக்கட்டையில வட்டம், காயில் கட்ட மோட்டார எறக்குன நாளுக்குப் பெருக்கல் குறி. அந்த வருஷம் மொத்தம் ரெண்டே பெருக்கல் தான் இருந்துச்சு. பில்லு எத்தனைக்குப் போட்டாங்கன்னு கேட்டு தகவல் உரிமைச் சட்டத்துல மனு எழுதிருக்கோம், அந்தக்கா பேர்லயே. பத்து ரூவா கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி திங்கக்கிழம ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியாச்சு. பதில் வந்தா இங்க போடுறேன்.